வேதாகமத்தைத் தனியாக ஆராய்ந்து படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் தவறாமல் ஒரு அதிகாரம் வாசிக்கிறவர்களிடம்கூட "நேற்று வாசித்ததில் என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வசனம் வரும், அதோடு நிற்கும். ஆர்வத்துக்குக் குறைவில்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போயிருக்கிறது. வசனத்தைப் பார்த்தவுடனே "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியது. அதற்கு முன் "இங்கே என்ன எழுதியிருக்கிறது?", "அது அன்று யாருக்கு என்ன அர்த்தம் தந்தது?" என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன. வெறும் விதிகளாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதின கடிதமான பிலிப்பியர் நிருபத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டு போகிறேன். பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டால் நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. கைபேசிச் செயலி தேடுவதற்கு மிகவும் உதவும், ஆனால் வாசிப்பதற்குத் தாள்தான் மேல். திரையில் ஒரு நேரத்தில் சில வசனங்களே தெரியும். அதற்கு முந்தின பத்தி மேலே போய் மறைந்துவிடும். இந்த முறையில் முந்தின பத்திதான் பாதி வேலையைச் செய்கிறது.

பல வருடமாகக் கோடு போட்டு, வண்ணம் தீட்டி வைத்திருக்கும் பிரதியை இதற்கு எடுக்க வேண்டாம். கண் நேராகக் கோடு போட்ட வசனத்துக்கே ஓடும். மற்றவை எல்லாம் அதைச் சுற்றியுள்ள வெற்றிடம்போல ஆகிவிடும். கோடில்லாத பிரதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக ஒரு மொழிபெயர்ப்பும் வேண்டும். சபையில் வாசிக்கப்படுவது பழைய நடையில் இருந்தால், இன்றைய நடையில் ஒன்று. பழைய நடையில் வாக்கியங்கள் நீளமாக இருப்பதால் யார் எதைச் செய்தார் என்பது சில இடங்களில் பிடிபடாது. இரண்டாவது பிரதியைப் பார்த்தால் சட்டென்று தெளியும். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு புத்தகப் பெயர்கள் மாறும் என்பதை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். ஆதியாகமம் என்பது திருவிவிலியத்தில் தொடக்கநூல். அப்போஸ்தலருடைய நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள்.

நோட்டைத் திறந்தால் இடது பக்கம் நீங்கள் பார்த்தவை, வலது பக்கம் உங்கள் கேள்விகள். இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது எது வசனத்தில் இருந்தது, எது உங்கள் யோசனை என்று பிரிக்க முடியாது.

2. நேரம் ஒதுக்குவது

ஆராய்ந்து படிப்பதற்கு தினம் பத்து நிமிடத்தைவிட வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முப்பது நாற்பது நிமிடம் என்பது நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் "எங்கே விட்டோம்?" என்று பிடித்துக்கொள்ளவே ஐந்தாறு நிமிடம் ஆகிவிடும். மற்ற நாட்களில் வழக்கமான வாசிப்பும் ஜெபமும் அப்படியே தொடரட்டும்.

ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடிக்கும் திட்டத்தோடு இதைக் கலக்காதீர்கள். 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். தினமும் மூன்றுக்கு மேல் வாசித்தால்தான் முடியும். அது முழு வேதாகமத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பதற்கு. அந்த வேகத்தில் ஒரு பத்தியின் முன் நின்று யோசிக்க முடியாது, நின்றால் திட்டம் பின்தங்கும். பின்தங்கினால் குற்றவுணர்வு வரும், அப்புறம் லேவியராகமத்தில் எல்லாம் நின்றுபோகும். இரண்டையும் செய்யலாம், ஆனால் தனித்தனி நேரத்தில்.

உட்கார்ந்ததும் ஜெபம். நீளமாக இருக்க வேண்டியதில்லை. "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்" என்ற சங்கீதம் 119:18 போதும். கண்களைத் திறக்கும்படி கேட்டவர் அப்புறம் பார்க்கவும் செய்தார் என்பதையும் கவனியுங்கள். ஜெபித்தாயிற்று, இனி தானாகவே புரியும் என்று அடுத்த படிகளைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு.

3. எந்தப் புத்தகத்தில் தொடங்குவது

சிறியதாக இருக்க வேண்டும். முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிலிப்பியர், யாக்கோபு, ரூத், யோனா ஆகியவை முதல் முறைக்கு ஏற்றவை. சுவிசேஷம்தான் வேண்டும் என்றால் மாற்கு, 16 அதிகாரங்கள்தான்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். அதன் படங்களில் பெரும்பகுதி தானியேல், எசேக்கியேல், சகரியா, யாத்திராகமம் ஆகியவற்றிலிருந்து வருகிறது. அவற்றை வாசிக்காமல் அங்கே போனால் கையில் கிடைப்பது யாரோ ஒருவரின் அட்டவணைதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தலைப்பு எடுத்துப் படிப்பதும் முதலில் வேண்டாம். "விசுவாசம்" என்று தேடி, வரும் இருபது வசனங்களை வரிசையாக எழுதினால் ஒவ்வொன்றும் தன் இடத்தை இழந்து நிற்கும். சில புத்தகங்களை முழுதாகப் படித்த பிறகுதான் தலைப்புப் படிப்பு பயன் தரும்.

4. முழுப் புத்தகத்தையும் ஒரே அமர்வில் வாசியுங்கள்

பிலிப்பியரை வாய்விட்டு வாசித்தாலும் கால் மணி நேரம் போதும். நான்கு அதிகாரங்கள், 104 வசனங்கள். இதை முதல் நாளே ஒரு முறை, அடுத்த அமர்வில் இன்னொரு முறை செய்யுங்கள். இது ஒரு கடிதம். சபை கூடியிருக்கும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டார்கள். நாளுக்குப் பத்து வசனம் என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை.

முதல் வாசிப்பில் பேனாவை எடுக்காதீர்கள். இரண்டாவது வாசிப்பில் மூன்றை மட்டும் குறியுங்கள்: யார் எந்த நிலைமையில் எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார், திரும்பத் திரும்ப வருவது என்ன. பிலிப்பியரில் பவுல் கட்டுகளில் இருக்கிறார் என்பது 1:13-இல் தெரிகிறது. பிழைப்போமா சாவோமா என்பதே நிச்சயமில்லை (1:20-23). அப்படிப்பட்டவரின் கடிதத்தில் சந்தோஷம் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. இரண்டும் ஒரே நோட்டுப் பக்கத்தில் எழுதப்பட்டால்தான் அந்த முரண் கண்ணில் படும்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக 1:1-க்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் நான்காம் அதிகாரத்துக்கு வருவதற்குள் முதல் அதிகாரம் மறந்திருக்கும்.

5. பின்னணியை முதலில் வேதாகமத்துக்குள்ளேயே தேடுங்கள்

இங்கே புதியவர்கள் உடனே விளக்கவுரைக்கோ இணையத்துக்கோ போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிலிப்பி சபை எப்படித் தொடங்கியது என்பது அப்போஸ்தலர் 16-இலேயே இருக்கிறது. இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், குறிசொல்லும் ஆவி பிடித்திருந்த வேலைக்காரப் பெண், அடிவாங்கிச் சிறையில் போடப்பட்ட பவுலும் சீலாவும், நடுராத்திரியில் அவர்கள் பாடின பாட்டு, பூமியதிர்ச்சி, தன்னையே குத்திக்கொள்ளப்போன சிறைக்காவலன். எல்லாம் ஒரே அதிகாரத்தில்.

அதை வாசித்துவிட்டு நிருபத்துக்குத் திரும்புங்கள். சிறையிலிருந்து வரும் இந்தக் கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சபை, ஒரு சிறைக்காவலனின் குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற சபை. பவுல் சந்தோஷப்படுங்கள் என்று எழுதும்போது, அவர் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருந்த ராத்திரியில் என்ன செய்தார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. பிலிப்பி ரோமர் குடியேறின பட்டணம் என்று அப்போஸ்தலர் 16:12 சொல்கிறது. நாங்கள் ரோமர் என்ற பெருமை அந்த ஊரில் எவ்வளவு இருந்தது என்பதும் 16:21-இல் தெரிகிறது. இப்போது "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்ற பிலிப்பியர் 3:20 வேறு மாதிரி ஒலிக்கும். எந்த விளக்கவுரையும் திறக்காமலே இவ்வளவு கிடைக்கிறது.

6. பத்திகளாகப் பிரியுங்கள், அதிகார எண்ணை நம்பாதீர்கள்

இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது; புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் அச்சான பதிப்பில். எழுதியவர்கள் போட்டவை அல்ல. இடம் கண்டுபிடிக்க வசதியானவை, அவ்வளவே.

பிலிப்பியர் 4:1 "ஆதலால்" என்று தொடங்குகிறது. எதனால்? பதில் மூன்றாம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களில் இருக்கிறது. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று நிறுத்தியவர் அதை நேற்றோடு விட்டிருப்பார். இதேபோல 1 கொரிந்தியர் 11:1 பத்தாம் அதிகாரத்தின் முடிவைச் சேர்ந்தது. ஆதியாகமம் 2-இன் முதல் மூன்று வசனங்கள் முதல் அதிகாரத்தின் முடிவு.

ஆகவே எண்களைப் பார்க்காமல், பேச்சு எங்கே திரும்புகிறதோ அங்கே கோடு போடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரித் தலைப்பு எழுதுங்கள். பிரதியில் அச்சாகியிருக்கும் தலைப்பைப் பார்த்து எழுத வேண்டாம். அதுவும் பதிப்பாளர் சேர்த்ததுதான். தலைப்பு வரவில்லை என்றால் பத்தி இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். இன்னொரு முறை வாசியுங்கள்.

7. கவனியுங்கள்: அர்த்தம் சொல்லாமல், இருப்பதை மட்டும்

இதுதான் கஷ்டமான படி. சலிப்பாகவும் இருக்கும். ஆனால் பலன் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ஆகவே உங்கள் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

ஓர் அமர்வுக்கு ஒரு பத்தி. இடது பக்கத்தில் பார்ப்பதை எல்லாம் எழுதுங்கள். யார் பேசுகிறார்? திரும்ப வரும் சொல் எது? "ஏனெனில்", "ஆகையால்", "ஆனாலும்" போன்ற இணைப்புகள் எதை எதோடு சேர்க்கின்றன? எதோடு எதை ஒப்பிடுகிறார்? கட்டளை எது, தகவல் எது, வாக்குத்தத்தம் எது?

பிலிப்பியர் 4:10-18-ஐ எடுத்துக்கொள்வோம். இதற்குள்தான் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற 4:13 இருக்கிறது. தேர்வுக்கும் போட்டிக்கும் முன்னால் சொல்லப்படும் வசனம். பத்தியைப் பார்த்தால் நோட்டில் இப்படி வரும்: பத்தாம் வசனம், அவர்கள் மறுபடியும் தன்னை விசாரித்ததற்காகச் சந்தோஷம். பதினொன்று, இது குறைச்சலினால் சொல்வதல்ல. எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டார். "கற்றுக்கொண்டேன்" என்கிறார், அப்படியே பிறந்தேன் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு, தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தி, பட்டினி, நிறைவு, குறைவு. அதன் பிறகுதான் பதின்மூன்று. பதினான்கு "ஆனாலும்" என்று தொடங்குகிறது: நீங்கள் என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது. பதினெட்டில் அவர்கள் அனுப்பி எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த காணிக்கை.

இவ்வளவும் எழுதினால் தெரிகிறது, இந்தப் பத்தி காணிக்கை கிடைத்ததற்கு நன்றி சொல்லும் பத்தி. "எல்லாவற்றையும்" என்பது பன்னிரண்டாம் வசனத்தின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது: பட்டினியையும் நிறைவையும் இரண்டையும் தாங்கும் பெலன். தேர்வில் வெற்றி என்பதைவிட, தேர்வில் தோற்றாலும் உடையாமல் இருப்பது என்பதற்கு இது நெருக்கமாக இருக்கிறது. நன்றி சொல்லும் அவசரத்தில் தான் காணிக்கையை நம்பி இருப்பதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது, அதே சமயம் அவர்கள் கொடுத்ததும் சின்ன விஷயமாகிவிடக் கூடாது என்று பவுல் எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதுகிறார், பாருங்கள். வசனத்தைத் தனியாகக் கத்தரித்து எடுத்தவருக்கு இது எதுவும் கிடைக்காது.

இன்னொரு உதாரணம், இது பத்திகளைத் தாண்டியது. 2:2-இல் ஏக சிந்தை. 2:5-இல் "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது". அங்கிருந்து அவர் தம்மைத் தாழ்த்திச் சிலுவைவரை போனதைச் சொல்லும் பகுதி. அப்புறம் 4:2-இல் எயோதியாளும் சிந்திகேயாளும் கர்த்தருக்குள் ஒரே சிந்தையாயிருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறார். மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிறிஸ்துவின் தாழ்மையைப் பற்றிய அந்த உயர்ந்த பகுதி, ஒரு சபையில் இரண்டு பெண்களுக்குள் இருந்த பிணக்கை நோக்கியும் போய்க்கொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் ஒன்றும் சாதாரணமானவர்களும் இல்லை. சுவிசேஷ வேலையில் தன்னோடு பிரயாசப்பட்டவர்கள் என்று அடுத்த வசனத்தில் சொல்கிறார்.

கவனிக்கும்போது செய்யும் வழக்கமான தவறு, பிரசங்கத்தில் கேட்டதை எழுதுவது. பரிசோதிக்க எளிய வழி: இடது பக்கத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் வசன எண் போடுங்கள். எண் போட முடியாத வரி உங்கள் ஞாபகத்திலிருந்து வந்தது. அடித்துவிடுங்கள்.

8. எந்த வகை எழுத்து என்று பார்த்து அர்த்தம் சொல்லுங்கள்

பிலிப்பியர் கடிதம், ஆகவே "யாருக்கு, எதற்காக" என்ற கேள்வியே பெரும்பாலும் போதும். வேறு புத்தகங்களுக்குப் போகும்போது கேள்வி மாறும்.

சரித்திரப் பகுதிகள் நடந்ததைச் சொல்கின்றன. நடந்தது எல்லாம் நாம் செய்ய வேண்டியது ஆகாது. கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டான் (நியாயாதிபதிகள் 6:36-40). தேவன் அவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்ட பிறகு கேட்டது அது. இதை முடிவெடுக்கும் முறையாக எடுத்துக்கொள்ள அந்தப் பகுதியில் எந்தக் கட்டளையும் இல்லை.

நீதிமொழிகள் பொதுவாக வாழ்க்கை எப்படிப் போகிறது என்று சொல்பவை. ஒவ்வொன்றும் உத்தரவாதம் ஆகாது. 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, அடுத்த வசனமே கொடு என்கிறது. எப்போது எது என்று தீர்மானிக்கும் ஞானத்தைத்தான் அந்தப் புத்தகம் கேட்கிறது.

யார் வாயிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். யோபின் நண்பர்கள் அழகாகப் பேசுகிறார்கள். அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7-இல் தேவனே சொல்கிறார். அவர்கள் வார்த்தையை வாழ்த்து அட்டையில் போடுவதற்கு முன் கடைசி அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். மத்தேயு 4:6-இல் சாத்தான்கூட 91-ஆம் சங்கீதத்தைச் சொல்கிறான்.

தீர்க்கதரிசனத்துக்கு எரேமியா 29:11 நல்ல உதாரணம். சமாதானத்துக்கான நினைவுகள் என்ற அந்த வார்த்தை, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பலர் அதன் நிறைவைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். வாக்கு இதனால் சிறுத்துவிடவில்லை. ஆனால் அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் சொல்ல முடியாது.

9. இணைவசனங்களும் தேடலும்

ஓரத்தில் உள்ள இணைவசனங்களை (தொடர்புள்ள வேறு வசனங்களின் எண்களை) எல்லாம் திருப்பிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் எங்கே இருந்தோம் என்பதே மறந்துவிடும். வலது பக்கத்தில் உள்ள கேள்விக்குப் பதில் தேடி மட்டும் போங்கள். முதலில் அதே புத்தகத்துக்குள், பிறகு அதே ஆசிரியரின் மற்ற எழுத்துகளில், அதன் பிறகே மற்ற இடங்களில்.

செயலியில் தேடும்போது முழுச் சொல்லைப் போட்டால் பாதி வசனங்கள் தப்பிவிடும். "சந்தோஷம்" என்று தேடினால் "சந்தோஷமாயிருங்கள்", "சந்தோஷப்படுகிறேன்", "சந்தோஷத்தை" எதுவும் வராமல் போகலாம். "சந்தோஷ" என்று மட்டும் போட்டுத் தேடுங்கள். ஒற்று மிகுவதாலும் உருபு சேர்வதாலும் சொல்லின் கடைசி மாறிக்கொண்டே இருக்கும். மாறாத முன்பகுதியைப் பிடித்தால் போதும்.

10. விளக்கவுரையும் பிரசங்கமும் இப்போது

இதுவரை வந்தபின் திறக்கலாம். முன்னாலேயே திறந்தால் அவர் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். உங்கள் கேள்விகள் எழும்பவே செய்யாது.

தீராத கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் இரண்டு விளக்கவுரைகள். இருவரும் ஒத்துப்போனால் நிம்மதி. மாறினால், வசனத்திலிருந்து யார் காரணம் காட்டுகிறார் என்று பாருங்கள். நீங்கள் கண்டுபிடித்தது இதுவரை எவருமே சொல்லாத புதுமையாக இருந்தால் அதைக் கொண்டாடுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். சபைப் போதகரிடமோ அனுபவமுள்ள ஒரு விசுவாசியிடமோ நோட்டைக் காட்டிக் கேட்பது நல்லது.

11. இப்போதுதான் "எனக்கு என்ன?"

முதலில் தள்ளிவைத்த கேள்வி இங்கே வருகிறது. "நான் மனத்தாழ்மையாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. ஆள், செயல், நாள் மூன்றும் இருக்கட்டும். 2:3-4-ஐப் படித்துவிட்டு, "போன கூட்டத்தில் நான் பேச்சை வெட்டிய சகோதரியிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் சொல்ல வந்ததைக் கேட்க வேண்டும்" என்று எழுதலாம். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் அது நடந்ததா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பத்தியும் செய்யவேண்டிய வேலை ஒன்றைத் தராது. சில பத்திகளில் நம்புவதற்கு ஒன்று இருக்கும், சிலவற்றில் ஸ்தோத்திரிப்பதற்கு மட்டும். 2:6-11-ஐ வாசித்துவிட்டு முழங்காலில் நிற்பதே போதுமான பதில். வலிந்து ஒரு வேலையைத் தேடினால் வசனத்தில் இல்லாததைச் சேர்க்க நேரிடும்.

இந்த நிருபம் ஒரு முழுச் சபைக்கும் அதன் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் எழுதப்பட்டது (1:1). தனியாகப் படித்தாலும், பொருத்தும்போது "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்றும் கேளுங்கள். ஒரே சிந்தையாயிருப்பது ஒருவர் தனியாகச் செய்யக்கூடியதும் இல்லை.

12. புத்தகத்தை முடிப்பது

கடைசிப் பத்தி முடிந்ததும் மறுபடி முழு நிருபத்தையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். முதலில் எழுதிய பத்தித் தலைப்புகளைத் திருத்துங்கள். சில நிச்சயம் மாறும். பிறகு நிருபம் முழுவதையும் நான்கைந்து வரியில், வேதாகமத்தைப் பார்க்காமல் எழுதுங்கள். எழுத முடியாத இடம் எதுவோ அந்தப் பத்திக்கு இன்னொரு அமர்வு தேவை.

வலது பக்கத்தில் பதில் கிடைக்காத கேள்விகள் சில மீதி இருக்கும். அவற்றை ஒரு தனித்தாளில் எழுதி நோட்டின் கடைசியில் வையுங்கள். வேறு புத்தகம் படிக்கும்போது அவற்றில் சில தாமாகவே தீரும்.

இடையில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முழுப் புத்தகத்தையும் ஒரு முறை வாசித்துவிட்டு, விட்ட பத்தியிலிருந்து தொடருங்கள். அடுத்ததாகக் கடிதம் அல்லாத ஒன்றை எடுங்கள். யோனாவோ ரூத்தோ நான்கு அதிகாரங்கள்தான். கதையில் இதே படிகள் எங்கே மாறுகின்றன என்பது அங்கே தெரிந்துவிடும்.